புதைச்சு வைக்காதீங்க தோழிகளே!



வழக்கமா இந்தப் பக்கத்துல வேலை, இன்டர்வியூ, தன்னம்பிக்கைன்னு பேசுவோம். இந்த வாரம் கொஞ்சம் வேற ரூட். நம்ம வாசகிகள்ல கிறிஸ்தவப் பெண்கள் நிறையப் பேர் இருக்கீங்க. இன்னிக்கு உங்களுக்குத்தான் ஸ்பெஷலா ஒரு விஷயம். மத்த தோழிகள் பக்கத்தைப் புரட்டிடாதீங்க. மேட்டர் எல்லாருக்கும் பொதுதான்!

சர்ச்சுக்குப் போற பொண்ணுங்க வாயில அடிக்கடி வர்ற மூணு வசனங்கள் இருக்கு. வேத வசனம் இல்லீங்க, சினிமா மாதிரி டயலாக் வசனம்!

ஒண்ணு: "எனக்குப் பாட வராது, பேச வராது. ஆண்டவர் எனக்கு ஒரு வரமும் தரலை போல."

ரெண்டு: "ஏதோ கொஞ்சம் வரும். ஆனா, அவ அளவுக்கு வராது."

மூணு: "வரும்தான். பொண்ணு நான் முன்னால நின்னு செஞ்சா நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

மூணையும் கொஞ்சம் உத்துப் பாருங்க. அடக்கம் மாதிரி தெரியும். ஆனா, உள்ளே உட்கார்ந்திருக்கிற ஆள் வேற. பயம்!

ஒரு தாலந்து எவ்வளவு?

தாலந்து உவமை ஞாயிறு பள்ளியிலேயே கேட்டிருப்பீங்க. மத்தேயு 25ஆம் அதிகாரம். வெளியூர் கிளம்புற எஜமான் மூணு வேலைக்காரங்களைக் கூப்பிட்டு ஒருத்தனுக்கு அஞ்சு தாலந்து, இன்னொருத்தனுக்கு ரெண்டு, மூணாமவனுக்கு ஒண்ணு கொடுக்கிறார். முதல் ரெண்டு பேரும் அதை ரெண்டு மடங்காக்குறாங்க. மூணாமவன் குழி தோண்டிப் புதைச்சு வைக்கிறான்.

நம்மில் பல பேர் என்ன நினைக்கிறோம்? 'பாவம், அவனுக்குக் கிடைச்சதே ஒண்ணுதானே'ன்னு. இங்கேதான் ஒரு கணக்கு இருக்கு. தாலந்துங்கிறது அந்தக் காலத்துல திறமையோட பேர் இல்லை. எடையின் பேர், பணத்தின் பேர். ஒரு தாலந்து வெள்ளின்னா சுமார் 6,000 தினாரி. ஒரு தினாரி, ஒரு கூலியாளோட ஒரு நாள் சம்பளம். வருஷத்துக்கு 300 நாள் வேலைன்னு வெச்சுக்கிட்டாக்கூட, அது 20 வருஷச் சம்பளம்!

அதாவது, 'கொஞ்சம்தான்'னு நாம நினைச்ச அந்த ஒண்ணே ஒரு மனுஷனோட பாதி உழைப்புக் காலம். இங்கிலீஷ்ல திறமையைக் குறிக்கிற 'டேலன்ட்' என்ற வார்த்தைக்கு அந்த அர்த்தம் வந்ததே இந்த உவமையிலிருந்துதான்.

இன்னொரு விஷயமும் கவனிச்சீங்களா? அஞ்சைப் பத்தாக்கினவனுக்கும் ரெண்டை நாலாக்கினவனுக்கும் எஜமான் சொல்ற பாராட்டு ஒரே மாதிரி. ஒரு வார்த்தை கூடக் குறையலை. ஆக, அங்கே ரேங்க் லிஸ்ட் போடலை. 'அவ அளவுக்கு வராது'ங்கிற ரெண்டாவது வசனத்துக்கு அங்கேயே பதில் இருக்கு. மூணாமவன் ஏன் புதைச்சான்? அவனே காரணம் சொல்றான், பயந்தானாம்!

மைக் இல்லாத வரங்கள்

நம்ம சர்ச்சுகள்ல, காலேஜ் ஜெபக் குழுக்கள்ல 'தாலந்துப் போட்டி'ன்னு ஒண்ணு வைப்பாங்க. என்னென்ன இருக்கும்? பாட்டு, பேச்சு, வசன ஒப்புவித்தல், கீபோர்டு, குறுநாடகம். எல்லாமே மேடை ஐட்டம். அதனால மைக் பிடிக்க வராத பொண்ணு, 'நம்ம பேர் லிஸ்ட்லயே இல்லை'ன்னு முடிவுக்கு வந்துடறா.

ஆனா, ரோமர் நிருபம் 12ஆம் அதிகாரத்துல பவுல் போடற லிஸ்ட்டைப் பாருங்க. போதிக்கிறது இருக்கு, புத்தி சொல்றது இருக்கு. கூடவே பணிவிடை செய்றது, பகிர்ந்து கொடுக்கிறது, நிர்வாகம் பண்றது, இரக்கம் காட்டுறதும் அதே வரிசையில இருக்கு. அதுல பாட்டு இல்லவே இல்லைங்க! பாட்டு வேண்டாம்னு இல்லை. பாட்டு மட்டுமே வரம் இல்லை, அவ்வளவுதான்.

யோப்பா பட்டணத்துல தபீத்தாள்னு ஒரு அம்மா. தொற்காள்னும் சொல்வாங்க. அவங்க எங்கேயும் பிரசங்கம் பண்ணினதா அப்போஸ்தலர் நடபடிகள்ல இல்லை. தையல்தான் அவங்க கை வேலை. அவங்க இறந்தப்ப விதவைங்க எல்லாம் வந்து, அவங்க தெச்சுக் கொடுத்த உடுப்புகளை பேதுருகிட்ட அழுதுட்டே காட்டினாங்க. ஒரு பெண்ணோட வாழ்க்கைக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் என்ன வேணும்? புதிய ஏற்பாட்டுல 'சீஷி'ன்னு பெண்பாலில் சொல்லப்பட்டவங்க இந்தத் தையல்கார அம்மா ஒருத்தங்கதான்!

'அப்போ பொண்ணுங்களுக்குத் தையலும் சமையலும்தானா?'ன்னு உடனே கேட்பீங்க. கேட்கணும்! பிரிஸ்கில்லாளைப் பாருங்க. புருஷன் ஆக்கில்லாவோட சேர்ந்து கூடாரம் பண்ற தொழில் அவங்களுக்கு. அப்பொல்லோன்னு பெரிய பேச்சாளர், வேதத்துல கெட்டிக்காரர். அவர் பேச்சுல குறை இருந்தப்ப இந்தத் தம்பதிதான் தனியா கூப்பிட்டு உட்கார வெச்சு விளக்கினாங்க. தெபொராள் நியாயம் விசாரிச்சாங்க. லீதியாள் ரத்தாம்பரம் வித்த வியாபாரி. ஒருத்தர் மாதிரி இன்னொருத்தர் இல்லை.

எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சரி, 'என் தாலந்து எது'ன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? தூக்கத்துல தரிசனம் வரும்னு காத்திருக்க வேண்டாம். மூணு கேள்வி போதும்.

முதல் கேள்வி: எதைப் பார்த்தா உங்களால சும்மா இருக்க முடியலை?

ஐடா ஸ்கடர் கதை தெரியுமா? 1870இல் ராணிப்பேட்டையில பிறந்தவர். தாத்தா காலத்துல இருந்தே மிஷனெரிக் குடும்பம். ஆனா ஐடாவுக்கு இந்தியாவுல இருக்கவே இஷ்டம் இல்லை. படிப்பு முடிச்சதும் உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்த்துக்கத் திண்டிவனம் வந்தார். கொஞ்ச நாள்ல அமெரிக்கா திரும்பிடணும்னுதான் பிளான்.

ஒரு ராத்திரி, ஒருத்தர் பின்னால ஒருத்தரா மூணு பேர் வந்து வாசல்ல நின்னாங்க. மூணு பேர் வீட்டுலயும் மனைவி பிரசவ வேதனையில. ஐடாவோட அப்பா டாக்டர்தான். ஆனா ஆம்பளை டாக்டர் பார்க்கக் கூடாதுன்னு அந்தக் கால வழக்கம். 'நீங்க வாங்கம்மா'ன்னு ஐடாவைக் கெஞ்சினாங்க. அவருக்கோ மருத்துவம் தெரியாது. விடியறதுக்குள்ள மூணு பெண்களும் இறந்துட்டாங்க.

அந்த ராத்திரி அவரைத் தூங்க விடலை. அமெரிக்கா போய் மருத்துவம் படிச்சு, 1899இல் கார்னெல்ல பட்டம் வாங்கி, 1900இல் வேலூர்ல ஒரே ஒரு படுக்கையோட ஆரம்பிச்சார். 1909இல் நர்ஸிங் பயிற்சி. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அதுதான் இன்னிக்கு நாம சி.எம்.சி.ன்னு சொல்ற வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. ஆம்பளைப் பசங்களுக்கு அங்கே இடம் கிடைச்சதே 1947இல்தான்!

கவனிங்க. 'எனக்கு எது நல்லா வரும்'னு ஐடா ஆரம்பிக்கலை. 'இது இப்படியே இருக்கக் கூடாது'ன்னு ஆரம்பிச்சார். திறமை பின்னாடி படிச்சு வந்தது.

ரெண்டாவது கேள்வி: மத்தவங்க எதுக்கு உங்களைத் தேடி வர்றாங்க?

நமக்குச் சுலபமா வர்ற விஷயத்தை நாம திறமைன்னே நினைக்கிறது இல்லை. 'இது என்ன பெரிய விஷயம்'னு விட்டுடறோம். ஹாஸ்டல்ல அழுதுட்டிருக்கிற ஜூனியர் ஏன் நேரா உங்க ரூம் கதவைத் தட்டுறா? டூர் கணக்கை ஏன் உங்க கையில கொடுக்கிறாங்க? எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி ஏன் நாலு பேர் உங்ககிட்ட பாடம் கேட்க வர்றாங்க? ஒண்ணு ஆறுதல், ஒண்ணு நிர்வாகம், ஒண்ணு போதனை. பவுல் லிஸ்ட்ல இருக்கிற ஐட்டம்தான் எல்லாமே! உங்களுக்குத் தெரியலைன்னா, உங்களை நல்லாத் தெரிஞ்ச ரெண்டு பேர்கிட்ட கேளுங்க. அவங்க தயங்காம சொல்லுவாங்க.

மூணாவது கேள்வி: செஞ்சு பார்த்தீங்களா?

நீச்சல் தெரியுமான்னு கரையில உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. விடுமுறை வேதாகமப் பள்ளியில ஒரு கிளாஸ் எடுத்துப் பாருங்க. பத்து நாள்ல தெரிஞ்சிடும், குழந்தைகள் உங்களுக்கு வரமா தலைவலியான்னு! தலைவலின்னா தப்பே இல்லை. ஒரு பேரை லிஸ்ட்லருந்து அடிச்சாச்சு. அடுத்ததுக்குப் போங்க.

கதவு மூடிட்டா?

'எல்லாம் சரி. கண்டுபிடிச்சேன், ஆரம்பிச்சேன், கதவு மூடிடுச்சே'ங்கிறீங்களா? ரெண்டு பேரைச் சொல்றேன்.

கிருபாபாய் சத்தியநாதன். 1862இல் அகமத்நகர்ல பிறந்தவர். டாக்டராகணும்னு ஆசை. 1878இல் சென்னை மருத்துவக் கல்லூரியில சேர்ந்தார். பொண்ணுங்க பள்ளிக்கூடம் போறதே அபூர்வமான காலம் அது. ஆனா உடம்பு ஒத்துழைக்கலை. படிப்பை விட வேண்டியதாச்சு. 'ஆண்டவரே, ஆசையைக் கொடுத்துட்டு ஏன் பறிச்சீங்க'ன்னு உட்கார்ந்திருக்கலாம். அவர் பேனாவை எடுத்தார். 'சகுணா', 'கமலா'ன்னு ரெண்டு நாவல்கள். இந்தியப் பெண்கள் இங்கிலீஷ்ல எழுதின நாவல்கள்னு பேச்சு வந்தா, ஆரம்பத்துலயே அவர் பேர் வரும். ஊட்டியில இருந்தப்ப முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியும் தொடங்கினார். 1894இல் இறந்தப்ப வயசு 32. அவ்வளவு குறைஞ்ச வாழ்நாள்ல, அதுவும் முதல் கதவு மூடினதுக்கு அப்புறம் செஞ்சது இது!

அடுத்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1925இல் கொச்சியில பிறந்து வேலூர்ல டாக்டருக்குப் படிச்சவர். 1954இல் சக டாக்டர்களோட போனப்ப வண்டி விபத்து. முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. இனி நடக்க முடியாது. இளம் டாக்டர். யோசிச்சுப் பாருங்க.

அப்போ வேலூர்ல டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளோட மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால நிமிர்த்திட்டிருந்தார். அந்த ஆபரேஷனை உட்கார்ந்துகிட்டே செய்யலாம்! மேரி கால் போச்சு, கை போகலையே? சக்கர நாற்காலியில உட்கார்ந்தபடியே அந்த அறுவை சிகிச்சையைக் கத்துக்கிட்டு, தொழுநோயாளிகளோட கைகளுக்கு உயிர் கொடுத்தார். அதோட நிக்கலை. நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படிச்சுட்டு வந்து, வேலூர்ல அந்தத் துறையை வழிநடத்தினார். 1966இல் அங்கே மறுவாழ்வு மையம் உருவாச்சு. தன்னை மாதிரியே முதுகுத்தண்டு அடிபட்டு வந்தவங்ககிட்ட 'உங்களால முடியும்'னு அவர் சொன்னப்ப, அதுக்குச் சாட்சி அந்த நாற்காலியே! 1972இல் பத்மஸ்ரீ கொடுத்தாங்க.

இழந்ததைக் கணக்குப் போட்டிருந்தா வாழ்நாள் முழுக்கக் கணக்கு முடிஞ்சிருக்காது. மிச்சம் இருந்ததைக் கணக்குப் போட்டார். அது ஒரு துறையையே வளர்த்தது.

வரம்தான்... ஆனா வியர்வையும் வேணும்

இன்னொரு தப்பான நினைப்பும் நம்மகிட்ட உண்டு. 'கடவுள் கொடுத்தது தானா வரும், பயிற்சி எதுக்கு?' தானா வராதுங்க. விதை கொடுக்கிறது அவர் வேலை. களை பறிக்கிறது நம்ம வேலை.

பண்டித ரமாபாய் பேரைக் கேள்விப்பட்டிருப்பீங்க. 1858இல் பிறந்தவர். அப்பா அம்மா சொல்லிக் கொடுத்த சம்ஸ்கிருதம். பெத்தவங்களைப் பஞ்சத்துல பறிகொடுத்து, அண்ணனோட நாடு முழுக்க நடந்தே சுத்தினவர். அவரோட புலமையைப் பார்த்து அசந்துபோன கல்கத்தா அறிஞர்கள் 1878இல் கொடுத்த பட்டம்தான் 'பண்டிதா', 'சரஸ்வதி'. அதுவே போதும்னு உட்காரலை. 1883இல் இங்கிலாந்துல ஞானஸ்நானம் எடுத்தார். 1889இல் பம்பாயில விதவைப் பெண்களுக்கு 'சாரதா சதன்' தொடங்கினார். அப்புறம் கேட்காவுன்ல முக்தி மிஷன்.

சாதாரண கிராமத்துப் பொண்ணுக்கும் புரியற எளிய மராத்தியில வேதாகமம் வேணும்னு அவருக்குத் தோணுச்சு. அதுக்காக நடு வயசுக்கு மேல எபிரெயும் கிரேக்கமும் கத்துக்கிட்டார். பல வருஷ உழைப்பு. 1922இல் கண் மூடறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் வேலை முடிஞ்சது. அச்சுக் கோக்குற வேலையைச் செஞ்சது யாரு தெரியுமா? முக்தியில அவர் வளர்த்த பெண்களே! தன் வரத்தை வளர்த்தவர், மத்தவங்க வரத்துக்கும் வேலை கொடுத்தார்.

உங்களுக்கு மொழி வருமா? சைகை மொழி கத்துக்கோங்க. காது கேளாதவங்க ஆராதனைக்கு வந்தா என்ன நடக்குதுன்னே தெரியாம உட்கார்ந்திருக்காங்க. கணக்கு வருமா? உங்க வாலிபர் கூட்டத்து வரவு-செலவை ஒழுங்கா எழுதுங்க. எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறீங்களா? சவுண்ட் மிக்ஸர் பக்கம் போங்க. அங்கே பசங்க மட்டும்தான் நிக்கணும்னு எந்த அதிகாரத்துலயும் எழுதலை! படம் வரைவீங்களா? ஞாயிறு பள்ளிப் பிள்ளைங்களுக்குக் கதை அட்டைகள் போடுங்க. வாரத்துக்கு ரெண்டு மணி நேரம். ஆனா விடாம.

பொண்ணுக்கு எதுக்கு இதெல்லாம்?

மூணாவது வசனம் பாக்கி இருக்கே? நேராவே பேசுவோம். பெண்கள் சபையில் எதுவரைக்கும் செய்யலாம்ங்கிறதுல சபைக்குச் சபை கருத்து வேற. சில சபைகள்ல பெண்கள் பிரசங்க மேடை ஏறக் கூடாது. தென்னிந்தியத் திருச்சபையில 2013இல் புஷ்பா லலிதா நந்தியால் திருமண்டலத்துக்குப் பேராயராகவே ஆனார். அந்தச் சபையின் முதல் பெண் பேராயர்! உங்க சபை எந்தப் பக்கம்னாலும் சரி, தயவுசெஞ்சு ஒண்ணைக் குழப்பிக்காதீங்க. ஒரு மேடை மூடியிருக்கிறது வேற, வரமே இல்லைங்கிறது வேற. ஆஸ்பத்திரியும் கோர்ட்டும் வகுப்பறையும் ஆண்டவருக்கு வெளியூர் இல்லையே? அன்னா சாண்டி 1937இல் திருவிதாங்கூர்ல முன்சீஃப் ஆனார், 1959இல் கேரள ஹைகோர்ட் நீதிபதி ஆனார். இந்திய ஹைகோர்ட் நீதிபதி ஆன முதல் பெண்!

வீட்டுல பயப்படறாங்களா? சண்டை போடாதீங்க. 'என்னை விடுங்க'ங்கிறதைவிட, 'நீங்களும் வந்து பாருங்கம்மா'ங்கிற வார்த்தைக்குப் பலம் ஜாஸ்தி. ஒரு தடவை அம்மா வந்து, நீங்க பாடம் சொல்லிக் கொடுக்கிறதைப் பின்னால உட்கார்ந்து பார்க்கட்டும். பாதிப் பிரச்னை அங்கேயே முடிஞ்சிடும்.

இதுக்கு நேர் எதிர்ப் பிரச்னையும் உண்டு. 'உனக்குத்தான் வரம் இருக்கே'ன்னு எல்லா வேலையையும் ஒரே பொண்ணு தலையில கட்டுவாங்க. அசனத்துக்குக் காய் வெட்டவும் அவதான், கொயருக்கும் அவதான், கிறிஸ்துமஸ் டெக்கரேஷனுக்கும் அவதான். பரீட்சை வந்தாக்கூட விட மாட்டாங்க. மறுத்தா, 'ஊழியத்துக்கு மனசு இல்லை'ன்னு பேச்சு. தோழிகளே, 'இல்லைங்க அண்ணே, இந்த மாசம் முடியாது'ன்னு மரியாதையா சொல்றது பாவம் இல்லை. எல்லா வரமும் ஒருத்தருக்கே இல்லைன்னு பவுல் 1 கொரிந்தியர் 12இல் சரீரத்தை வெச்சு விளக்குறாரே! கண்ணு வேலையைக் கண்ணு செய்யட்டும், கால் வேலையைக் கால் செய்யட்டும். எல்லாத்தையும் நீங்களே இழுத்துப் போட்டுக்கிட்டா, பக்கத்துல சும்மா உட்கார்ந்திருக்கிறவளோட தாலந்து புதைஞ்சே கிடக்கும்.

இந்த வார ஹோம்வொர்க்

ஒரு நோட்டை எடுங்க. மூணு கேள்விக்கும் பதில் எழுதுங்க: எது உங்களை உறுத்துது, எதுக்கு உங்களைத் தேடி வர்றாங்க, எதைச் செஞ்சு பார்த்தீங்க. அதுல ஒண்ணே ஒண்ணைத் தேர்ந்தெடுத்து மூணு மாசத்துக்கு வாரம் ரெண்டு மணி நேரம் ஒதுக்குங்க. கடைசியா, உங்களைவிடச் சின்னப் பொண்ணு ஒருத்தியைப் பார்த்து, 'உனக்கு இது நல்லா வருதுப்பா'ன்னு வாய் திறந்து சொல்லுங்க. அந்த ஒரு வார்த்தை கேட்காமலே வளர்ந்த பொண்ணுங்கதான் நம்ம ஊர்ல ஜாஸ்தி.

இருபது வருஷச் சம்பளம் உங்க கையில இருக்கு தோழிகளே. மண்வெட்டியைக் கீழே போடுங்க!

அடுத்த வாரம் சந்திப்போமா?